தேனா, பட்டையா, வெறும் தண்ணீரா? வெட்டிய கிளை வேர்விடும் கதை

உங்கள் வீட்டுச் சமையலறையில் தேன் இருக்கும். கறிக்குப் போடும் பட்டை இருக்கும். வாசலில் ஒரு தொட்டியில் கற்றாழையும் இருக்கலாம். இவற்றில் எதையாவது தடவினால், வெட்டிய கிளை சீக்கிரம் வேர்விடும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் கேள்விப்பட்டிருந்தேன். நம்பியும் இருந்தேன். அந்த நம்பிக்கையால் எங்கள் வகுப்பு ஒரு மல்லிகைச் செடியை இழக்கப் பார்த்தது.

கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, படிவம் இரண்டு மாணவி ஒருத்தி பிளாஸ்டிக் பையோடு அறிவியல் கூடத்துக்கு வந்தாள். பைக்குள் ஆறு குண்டுமல்லிக் கிளைகள், பூவும் மொட்டுமாக இருந்தன. அவள் குடும்பம் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறப்போகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் லயத்தை இடித்துவிடுவார்கள். படிக்கட்டு ஓரத்தில் அவள் பாட்டி கல்யாணமாகி வந்த காலத்தில் நட்ட மல்லிகை நிற்கிறது. அதை வேரோடு பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. “இதிலிருந்து ஒரு செடியாவது வரணும், டீச்சர்,” என்றாள்.

விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர்களில் வளரும் குண்டுமல்லி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. விதை கிடைத்தாலும், அதிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதே செடி வேண்டுமென்றால் அதன் கிளையைத்தான் வேர்விடச் செய்ய வேண்டும். மரவள்ளியையும் கரும்பையும் நம் முன்னோர்கள் இப்படித்தான் நட்டார்கள். தண்டிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் மரபுப் படி. இதைத்தான் அறிவியல் குளோன் என்கிறது. தோட்டங்களில் பெயர்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் வகையும் ஒரு குளோன்தான். ரப்பரில் கிளையை நடாமல் மொட்டை ஒட்டுக் கட்டுவார்கள். ஆனாலும் அந்த வகை மரங்கள் எல்லாம் ஒரே தாய் மரத்திலிருந்து வந்தவை.

எங்கள் கதைக்கு வருவோம். தேனில் முக்கினால் வேர் பிடிக்கும் என்று எங்கோ படித்த நினைவில், ஆறு கிளைகளின் அடியிலும் தேன் தடவி, தோட்டத்து மண் நிரப்பிய மைலோ டின்களில் ஊன்றினோம். மூன்று வாரத்தில் நான்கு கிளைகள் கறுத்துப்போயின. இரண்டு மட்டும் பச்சையாக நின்றன.

அப்போது வகுப்பில் ஒரு வாக்குவாதம் வந்தது. “தேனால்தான் இரண்டாவது பிழைத்தது,” என்றான் ஒருவன். “தேன் போட்டதால்தான் நான்கு செத்தது,” என்றாள் இன்னொருத்தி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆறு கிளைக்கும் தேன் தடவிவிட்டேனே! தேன் தடவாத கிளை ஒன்றுகூட இல்லாதபோது எதோடு ஒப்பிடுவது? அறிவியல் ஆசிரியையான நானே கட்டுப்பாட்டுத் தொகுதி வைக்க மறந்துவிட்டேன்.

வேர் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. கிளையில் வேரே இல்லை. வெட்டி நட்டதும் வேர் எப்படி முளைக்கிறது?

தண்டில் இலை ஒட்டியிருக்கும் இடத்தைக் கணு என்கிறோம். அங்கேயும், தண்டின் உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கிலும், அதை ஒட்டிய பகுதிகளிலும் மீண்டும் பிரிந்து பெருகக்கூடிய செல்கள் இருக்கின்றன. தண்டை வெட்டியதும் காயம்பட்ட இடத்தைச் செடி மூடத் தொடங்குகிறது. சில செடிகளில் அங்கே வெள்ளையாக ஒரு புடைப்பு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் பெயர் காலஸ். பிறகு அடிப்பகுதிச் செல்களில் சில வேர்ச் செல்களாக மாறி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன. வேர் வழக்கமாக வரும் இடத்தில் இல்லாமல் தண்டிலிருந்து வருவதால் இவற்றை வேற்றிட வேர்கள் என்கிறோம்.

இந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது ஆக்சின் என்ற ஹார்மோன். நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் அது உருவாகிறது. அங்கிருந்து செல் செல்லாகக் கீழ்நோக்கிப் பயணம் செய்கிறது. முழுச் செடியில் அது வேர்வரை போய்ச் சேரும். வெட்டிய கிளையில் பாதை வெட்டிய இடத்தோடு முடிந்துவிடுவதால், ஆக்சின் அங்கேயே தேங்குகிறது. தேங்கிய ஆக்சின்தான் “இங்கே வேர் வேண்டும்” என்ற செய்தி. கிளையைத் தலைகீழாக நட்டால் சரியாக வளராததற்கும் இதுவே காரணம். நாம் திருப்பி நட்டாலும், தண்டுக்குத் தன் மேல் எது, கீழ் எது என்று தெரியும்.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். வேரைத் தூண்டும் மருந்து கிளைக்குள்ளேயே இருக்கிறது. நாம் எதுவும் தடவாவிட்டாலும் செம்பருத்தியும் புதினாவும் கற்பூரவள்ளியும் வேர்விடுவது அதனால்தான்.

ஒரு புல் முளையிலிருந்து போகோர் தோட்டம் வரை

இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1880இல் சார்ல்ஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் புல் முளைகள் வெளிச்சத்தை நோக்கி வளைவதை ஆராய்ந்தார்கள். முளையின் நுனியை மட்டும் மூடினால் அது வளையவில்லை. அடிப்பகுதியை மூடினால் வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த ‘ஏதோ ஒன்றை’ 1920களில் பிடித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் வென்ட். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, அகார் துண்டின் மேல் வைத்தார். நாம் குளிரவைத்துச் சாப்பிடுகிறோமே, அதே அகார் அகார்தான். நுனியை எடுத்துவிட்டு, வெறும் அகார் துண்டை நுனி இழந்த முளையின் ஒரு பக்கமாக வைத்தார். முளை மறுபக்கம் வளைந்தது. நுனியிலிருந்த பொருள் அகாருக்குள் இறங்கியிருந்தது.

வென்ட் பிறகு நம் பக்கத்துத் தீவான ஜாவாவுக்கு வந்து, இன்று போகோர் என்று அழைக்கப்படும் ஊரின் தாவரத் தோட்டத்தில் பணிபுரிந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது அகலிஃபா. நம் தாமான்களில் வேலியாக வளர்க்கும் செம்பு நிற இலைச் செடி அந்த இனத்தைச் சேர்ந்தது. இலையிலிருந்து வரும் ஒரு பொருள் தண்டில் வேரைத் தூண்டுகிறது என்று 1929இல் எழுதினார். 1930களின் நடுவில், இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற ஆக்சினே வேரைத் தூண்டுகிறது என்பது தெளிவானது.

நாற்றுக் கடைகளில் விற்கும் வேர்த் தூளில் பொதுவாக இருப்பது இதன் நெருங்கிய உறவான இண்டோல் பியூட்டிரிக் அமிலம். அது சீக்கிரம் சிதைவதில்லை என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டப்பாவில் பெரும்பகுதி டால்க் மாவுதான். மருந்து மிகக் குறைவு. கூட்டிப் போட்டால் இன்னும் நன்றாக வேர்விடும் என்று நினைக்காதீர்கள். 2,4-டி என்ற களைக்கொல்லியும் செயற்கை ஆக்சின்தான். அளவு மீறினால் அதே வகைப் பொருள் செடியைக் கொல்லும்.

சமையலறையில் இருப்பவை என்ன செய்கின்றன?

இப்போது வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: இது வேரைத் தூண்டுகிறதா, அல்லது வேறு வேலை செய்கிறதா?

தேன்: தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீர் இருக்கும். மீதி பெரும்பாலும் சர்க்கரை. இவ்வளவு அடர்த்தியான கரைசலில் கிருமிகள் வாழ்வது கடினம். தேனின் அமிலத்தன்மையும், அதில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிகளுக்கு எதிரி. ஆகவே தேன் ஒரு கிருமித் தடுப்பான். வேர் ஹார்மோன் அல்ல. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சவ்வூடு பரவல் பாடம் நினைவிருக்கிறதா? அடர்ந்த சர்க்கரை, வெட்டுப்பட்ட செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். தண்ணீரில் கலந்து வைத்தால் நம் வெப்பத்தில் புளித்துவிடும். எறும்பும் வரும். எங்கள் டின்களுக்கு வந்தது.

பட்டைத்தூள்: பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். வெட்டிய கிளைகள் சாவதற்கு அழுகல் ஒரு முக்கியக் காரணம். அதனால் பட்டைத்தூள் மறைமுகமாக உதவலாம். கிளையை வேர்விட வைப்பது ஒன்று, வேர்விடும்வரை அழுகாமல் காப்பது இன்னொன்று. பட்டை செய்யக்கூடியது இரண்டாவதை.

கற்றாழைச் சோறு: பெரும்பகுதி நீர். அதைக் கூழாகப் பிடித்து வைத்திருப்பவை பலசர்க்கரைடுகள். வெட்டிய முனை காயாமல் இருக்க அது உதவும். ஈரப்பதம் கூடிய நம் ஊரில், மூடி வைத்த தொட்டியில், அந்த உதவி பெரிதாகத் தேவைப்படாமலும் போகலாம்.

இளநீர்: இந்தப் பட்டியலில் உண்மையாகவே ஹார்மோன் நிறைந்த பொருள் இதுதான். 1941இல் வான் ஓவர்பீக்கும் அவர் குழுவினரும் ஊமத்தைச் செடியின் மிக இளம் கருக்களைத் தேங்காய் நீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு தேங்காய் நீர் திசு வளர்ப்பு ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது. ஆனால் அதில் ஆக்சினோடு சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் இருக்கிறது. 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் புகையிலைத் திசுவில் காட்டியது இது: சைட்டோகைனினைவிட ஆக்சின் விகிதம் கூடினால் வேர் வரும், சைட்டோகைனின் கூடினால் தளிர் வரும். எனவே “இளநீரில் ஹார்மோன் இருக்கிறது, ஆகவே வேர் வரும்” என்று தாவிவிடக் கூடாது. எந்த ஹார்மோன், எவ்வளவு என்பதுதான் கேள்வி. மேலும் இளநீரில் சர்க்கரை உண்டு. கிளையை அதில் நாள்கணக்கில் ஊறவைத்தால் வேருக்கு முன்னால் பாக்டீரியா வளரும்.

உருளைக்கிழங்கு: கிளையைக் கிழங்கில் குத்தி நடும் படங்களையும் பார்த்திருப்பீர்கள். கிழங்கு ஈரத்தைத் தரும். பிறகு நம் மண்ணில் அழுகும், அழுகலைக் கிளைக்கும் கொடுக்கும்.

பாட்டி சொன்ன பாடம்

லயத்தை இடிக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்தச் சனிக்கிழமை மாணவியோடு நானும் பாட்டியைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாட்டி சிரித்தார்.

“தேனை ஏன் வீணாக்குனீங்க, டீச்சர்? பூத்த கிளையை வெட்டக்கூடாது. ரொம்பப் பச்சையா இருந்தா அழுகிடும், முத்திப்போனா முளைக்காது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதைப் பார்த்து வெட்டணும். வெயில்ல வைக்கக்கூடாது,” என்றார்.

தாவரவியல் நூல்கள் இதையே பாதி முதிர்ந்த தண்டு என்கின்றன. பச்சைத் தண்டில் நீர் அதிகம், காப்பு குறைவு. முதிர்ந்த தண்டில் செல்கள் மாறுவது கடினம். பூவும் மொட்டும் கிளையின் உணவைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நிழல் வேண்டும் என்று பாட்டி சொன்னதற்கும் காரணம் உண்டு. வேர் இல்லாத கிளையால் போதுமான நீரை உறிஞ்ச முடியாது. ஆனால் இலைகள் நீராவிப்போக்கில் நீரை இழந்துகொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் வேர் வரும் முன்பே கிளை காய்ந்துவிடும்.

பாட்டி காட்டிய கிளைகளில் இருபதை வெட்டினோம். இந்த முறை பத்துக் கிளைகளுக்குத் தேன், பத்துக்கு ஒன்றும் இல்லை. மற்றவை எல்லாம் ஒரே மாதிரி: ஒரே நாள், ஒரே நீளம், ஒரே மணல் கலவை, ஒரே நிழல். எது எந்தத் தொகுதி என்பதைப் பாலிபேக்கின் அடியில் எழுதிவைத்தோம். ஆறு வாரம் கழித்து எண்ணிய மாணவர்களுக்கு அது தெரியாது.

முடிவு: வெறும் கிளைகளில் ஏழு வேர்விட்டன. தேன் தடவியவற்றில் ஆறு.

“வெறும் கிளைதான் ஜெயித்தது!” என்று ஒரு கூச்சல் எழுந்தது. பொறுங்கள். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். பிறகு இன்னொரு பத்து முறை சுண்டுங்கள். பெரும்பாலும் இரண்டு முறையும் ஒரே எண்ணிக்கையில் தலை விழாது. ஏழுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் அப்படி வரக்கூடியதே. எங்களால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எங்கள் மல்லிகைக் கிளைகளில் தேன் பெரிய நன்மை எதையும் காட்டவில்லை.

முதல் முறை ஆறில் இரண்டு, இரண்டாம் முறை இருபதில் பதின்மூன்று. இந்த முன்னேற்றத்துக்கு எது காரணம் என்று மாணவர்களைக் கேட்டேன். “பாட்டி தேர்ந்தெடுத்த கிளை,” என்றார்கள் சிலர். “மணல்,” என்றார்கள் சிலர். “நிழல்,” என்றார்கள் மற்றவர்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். ஆகவே இவற்றில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. செடியைக் காப்பாற்ற அது போதும். காரணத்தை அறிய அது போதாது. இந்த இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை அன்று வகுப்பு கற்றது. நானும் கற்றேன்.

நீங்களே செய்து பாருங்கள்

மணி பிளாண்ட் வேண்டாம். அது எப்படி வைத்தாலும் வேர்விடும், அதனால் வித்தியாசம் தெரியாது. செம்பருத்தியோ காகிதப்பூவோ நல்லது.

1. கேள்வியை ஒன்றாகச் சுருக்குங்கள். எடுத்துக்காட்டு: பட்டைத்தூள் தொட்டால் அதிகக் கிளைகள் பிழைக்குமா?

2. ஒரே செடியிலிருந்து பென்சில் பருமனில், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள 20 கிளைகளை வெட்டுங்கள். கத்தரிக்கோலை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கீழ்வெட்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

3. கீழ் இலைகளை நீக்குங்கள். மேலே இரண்டு இலைகள் போதும். அவை பெரியவையாக இருந்தால் பாதியாக நறுக்குங்கள். எல்லா இலையையும் எடுத்துவிடாதீர்கள். உணவும் ஆக்சினும் மேலிருந்துதான் வருகின்றன.

4. கிளைகளைக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நல்ல கிளைகளை உங்களுக்குப் பிடித்த தொகுதிக்கு ஒதுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்.

5. ஒரு தொகுதிக்குப் பட்டைத்தூள். மற்றொன்றுக்கு எதுவும் இல்லை. இதுவே கட்டுப்பாட்டுத் தொகுதி.

6. ஆற்று மணலும் தேங்காய் நாரும் கலந்து, நீர் வடியும் துளையுள்ள பாலிபேக்குகளில் நடுங்கள். குச்சியால் குழி போட்ட பிறகே ஊன்றுங்கள், இல்லாவிட்டால் தூள் உதிர்ந்துவிடும். இரு தொகுதிகளையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். தெளிந்த பிளாஸ்டிக் பையால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

7. தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள். புது வேர் முடியைவிட எளிதில் முறியும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள்.

8. வேர்விட்ட கிளைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை வேர், மிக நீளமான வேர் எவ்வளவு என்று அட்டவணையில் எழுதுங்கள். செத்தவற்றையும் எழுத மறக்காதீர்கள்.

இதில் தற்சார்பு மாறி பட்டைத்தூள். சார்பு மாறி வேர்விட்ட கிளைகளின் எண்ணிக்கை. மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இந்தச் சொற்கள், ஒரு செடி உங்கள் கையில் இருக்கும்போது தானாகப் புரியும்.

மண் இல்லாமல் தண்ணீர்ப் போத்தலில் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். பழைய நீரில் ஆக்சிஜன் குறையும், பாக்டீரியா பெருகும். அதைவிட முக்கியமாக, தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். அறிவியல் செய்யப்போய் வீட்டுக்கு டிங்கியைக் கொண்டுவந்துவிடக் கூடாது.

உங்கள் முடிவு எங்கள் முடிவைப் போல் இல்லாமல் போகலாம். உங்கள் செடி வேறு, உங்கள் பொருள் வேறு. இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து செய்து எண்ணிக்கையைக் கூட்டினால், தற்செயலுக்கு இடம் குறையும். “தேன் வேலை செய்கிறது” என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகவேண்டாம். “தேன் போடாதது எத்தனை பிழைத்தது?” என்று மட்டும் கேளுங்கள்.

லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செம்மண்ணும் லாரிகளும்தான். பதின்மூன்று கன்றுகளில் இரண்டு பாட்டியின் அடுக்குமாடி வீட்டு வராந்தாவில் இருக்கின்றன. ஒன்று எங்கள் அறிவியல் கூடத்தின் பின்புறம் நிற்கிறது. மற்றவற்றை லயத்தில் குடியிருந்த குடும்பங்களுக்குக் கொடுத்தோம். எங்கள் கன்று போன மாதம் முதல் மொட்டு வைத்தது. பாலிபேக்கின் அடியில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வெறும் கிளை.